பேய்க்கு எண்ணெய் போட்டவர்

ஒரு கட்டடத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொன்னால் அது வதந்தி. அதையே ஓர் அலுவலகம் முத்திரை குத்திச் சொன்னால் அது தகவல். எங்கள் நகரத்தின் கடைவீதி நடுவே நிற்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் பேய் இருப்பது பன்னிரண்டு ஆண்டுகளாகத் தகவலாக இருந்து வருகிறது. அதன் வாசற்படிக்கு இடப்பக்கம் மடக்கு மேசை போட்டு, மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். பேயைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அலுவலகத்தைப் பற்றி உண்டு.

கொலை நடந்தது நூற்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது அது உரிமம் வழங்கும் அலுவலகம். மூன்றாம் மாடியில் பெரிய எழுத்தர் ஒருவர் இருந்தார். ஒரு மனுதாரரை அவர் ஆறு வருடங்கள் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த மனுதாரரும் பேச்சைத் தட்டாமல் ஒவ்வொரு நாளைக்கும் வந்திருக்கிறார். ஏழாம் வருடம் ஒரு நாள், மேசைமேல் காகிதங்களைக் குத்தி வைக்கும் கம்பியை எடுத்து எழுத்தரைக் குத்திவிட்டு, படியிறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார். அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பெயர் அவருடைய மனுவில் இருந்தது. மனு அன்றைக்கும் கிடைக்கவில்லை, இன்றைக்கும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தக் கட்டடத்தில் இயங்குவது மரபுக் கட்டடங்கள் மற்றும் அமானுஷ்ய விவகாரத் துறை. செத்த எழுத்தரின் ஆவி மூன்றாம் மாடியில் முனகுகிறது என்பது துறையின் நிலைப்பாடு. தரைத்தளக் கூடத்தில் இரண்டு புகைப்படங்கள் மாட்டியிருக்கிறார்கள். மேலே ‘கொலையுண்டவர்’. கீழே ‘கொலை செய்தவர்’. அதைப் பார்த்துவிட்டு மேலே போய் முனகலைக் கேட்டுவிட்டு வர வேண்டும். பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும் என்று சுற்றறிக்கைகூட இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பூட்டுக்காரர் என் மேசைக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு பெட்டிக்கடையில் பூட்டு ரிப்பேர் செய்து, சாவி அறுத்துக் கொடுப்பவர். தோளில் எப்போதும் ஒரு கருவிப் பை தொங்கும். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

“அண்ணே, ஒரு மனு எழுதணும்.”

“என்ன விஷயமா?”

“எங்கப்பா கொலை பண்ணலைன்னு எழுதணும்.”

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். அவர் உட்கார்ந்து சொன்னார். அவருடைய மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் எல்லோரையும் போல இங்கே அழைத்து வந்திருக்கிறார்கள். கூடத்தில் வழிகாட்டி பிரம்பை நீட்டி, “இவன்தான் அந்தக் கொடூரன், கண்ணைப் பாருங்க, ஈரமே இல்ல” என்று காட்டியிருக்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்தால், படத்தில் இருந்தது அவளுடைய சொந்தத் தாத்தா. வாய் தவறி “எங்க தாத்தா” என்று சொல்லிவிட்டாள். பின்னால் நின்ற பிள்ளை, “ஆமாண்டி, அதே மூக்கு” என்றிருக்கிறது. மறுநாளிலிருந்து வகுப்பில் அவள் பெயர் ‘கம்பி’. அவள் வந்து உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளைகள் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்து ஒளித்து வைக்கிறார்கள்.

“எட்டு நாளா பள்ளிக்கூடம் போகலைண்ணே. பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறா. பதினஞ்சு நாள் தொடர்ந்து வரலைன்னா பேரை எடுத்துருவோம்னு லெட்டர் வந்திருக்கு. அவ அம்மா தினமும் அழுதுக்கிட்டேதான் வேலைக்குப் போறா.”

நான் உள்ளே போய்ப் படத்தைப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை, ஒரு பக்கக் காலர் தூக்கிக்கொண்டிருந்தது. கேமராவைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று யோசிக்கும் முகம். ஓரத்தில் அரை வட்டமாக ஒரு முத்திரை, அதில் ‘விண்ணப்பம்’ என்ற எழுத்துகள். விஷயம் அப்போதே விளங்கிவிட்டது. பூட்டுக்காரரும் அதையே சொன்னார்: முப்பத்தொரு வருடங்களுக்கு முன்பு பெட்டிக்கடை உரிமத்துக்காக அவருடைய அப்பா இதே கட்டடத்தில் கொடுத்த விண்ணப்பத்தில் ஒட்டிய படம் அது. பழைய கோப்புகளில் கொலைகாரரைத் தேடியவர்கள், கையில் அகப்பட்ட மனுதாரரைப் பிரித்தெடுத்துப் பெரிதாக்கி மாட்டிவிட்டார்கள்.

மனு எழுதினேன். அவர் தனியாகப் போகத் தயங்கியதால் கூடவே போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் நல்லவர்தான். மனுவை முழுக்கப் படித்தார்.

“படத்துல இருக்கிறது உங்கப்பாதான்னு என்ன ஆதாரம்?”

“என் மூஞ்சியைப் பாருங்க மேடம்.”

அவர் எட்டிப் படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “நல்லாவே தெரியுது. ஆனா மூஞ்சியை ஃபைல்ல வைக்க முடியாதே.”

மறுநாள் பூட்டுக்காரர் அப்பாவின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார். கொலை நடந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர். அம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“அப்போ சம்பவம் நடந்தப்ப இவர் பொறக்கவே இல்ல.”

“ஆமா மேடம்.”

“அப்படின்னா அந்த நேரத்துல அவர் எங்க இருந்தார்னு உங்களால நிச்சயமா சொல்ல முடியாது.”

பூட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அம்மாள் புகைப்பட நீக்கப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இணைக்க வேண்டியவை என்ற பகுதியில், ‘கொலைகாரரின் சரியான புகைப்படம், இரண்டு பிரதிகள்’ என்று இருந்தது.

“அவர் யாருன்னே யாருக்கும் தெரியாதே மேடம்?”

“அதனாலதான் உங்களைக் கேக்கறோம். எங்களுக்குத் தெரிஞ்சா நாங்களே மாட்டிருவோம்ல?”

அதோடு விடவில்லை. இந்தப் படத்தைத் துறை ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடவில்லை என்று விளக்கினார். முறைப்படி குழு அமைத்து, மூன்றாம் மாடியில் அடையாள அணிவகுப்பு நடத்தியிருக்கிறார்கள். ஐந்து படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது படத்துக்கு ஆவி முனகியிருக்கிறது. அது குறிப்பேட்டில் பதிவாகி, ஐந்து பேர் கையெழுத்தும் போட்டாயிற்று.

“பாதிக்கப்பட்டவரே அடையாளம் காட்டியாச்சு. இனிமே அவராப் பார்த்து வாபஸ் வாங்கினாத்தான் உண்டு. நீங்க மேல போய் அவர்கிட்டயே கேட்டுக்குங்க. பார்வை நேரம் பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும்.”

“பேய்கிட்டயா மேடம்?”

“பெரியவர்னு சொல்லுங்க. ஆபீஸ்ல அப்படித்தான் சொல்றது.”

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாம் மாடிக்குப் போனோம். வழிகாட்டி முன்னால் நடந்தார். கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு, எதையும் கிசுகிசுப்பாகவே சொல்லிப் பழகிய தொண்டை. நீளமான அறை. சுவரோரம் ஆளுயர மர அலமாரிகள் நான்கு. ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் கையை உயர்த்தினார்.

காற்று அடித்தது. ‘ஈஈஈம்ம்’ என்று ஒரு சத்தம் எழுந்து, இழுத்து இழுத்து அடங்கியது. நான் பெஞ்சில் பின்னுக்கு நகர்ந்தேன். இத்தனை வருடம் வாசலில் இருந்தும் நான் மேலே போய் அதைக் கேட்டதில்லை.

“கேட்டுச்சா? அதுதான் பெரியவர். உங்க மனுவைச் சொல்லுங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று வழிகாட்டி போய்விட்டார்.

பூட்டுக்காரர் எழுந்து நின்று மனுவைப் படித்தார். மகளுடைய வகுப்பு, பிரிவு, பள்ளியின் கடித எண் வரைக்கும் மரியாதையாகச் சொன்னார். மறுபடி காற்று, மறுபடி முனகல். அவர் படிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நேரே மூன்றாவது அலமாரிக்குப் போனார். கதவை இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆட்டினார். பிறகு கருவிப் பையிலிருந்து மூக்கு நீண்ட சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்து, மேல் கீலுக்கு இரண்டு சொட்டு, கீழ்க் கீலுக்கு இரண்டு சொட்டு விட்டு, துணியால் துடைத்தார். அவருக்கு அது மற்றவர்கள் இருமலுக்கு வாயைப் பொத்துவது மாதிரி. யோசித்துச் செய்ததில்லை. நான் தடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வேலை நடப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

வழிகாட்டி டீ குடித்துவிட்டு வந்தார். காற்று அடித்தது. அலமாரிக் கதவு அழகாகத் திறந்து அழகாக மூடியது. அவர் காத்திருந்தார். மறுபடி காற்று. அவர் முகம் வெளிறிப்போனது.

“என்ன செஞ்சீங்க?”

“துருவா இருந்துச்சு. கொஞ்சம் எண்ணெய் விட்டேன்” என்றார் பூட்டுக்காரர், உதவி செய்தவரின் அடக்கத்தோடு.

பன்னிரண்டு மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாற்பது பேர் வந்தார்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுவிட்டு இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு, பேய் இல்லாவிட்டால் வாசல் பலகையில் பேய் என்று ஏன் எழுதினீர்கள் என்று இலக்கணமாகக் கேட்டார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை ஈ ஓட்டினார்கள்.

பூட்டுக்காரருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ‘அமானுஷ்யத்தைப் பணி செய்ய விடாமல் தடுத்தமை’ என்பது குற்றம். கீல் துருப்பிடித்திருந்தது என்று நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்படிப்பட்ட கீல் எதுவும் துறையின் பொருள் பதிவேட்டில் இல்லை, இல்லாத கீலுக்கு எண்ணெய் போட்டது ஏன் என்று அதற்கும் விளக்கம் கேட்டார்கள். வீட்டில் மகள் பாயைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள் என்று பூட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டுக் கருவிப் பையின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மகள் பள்ளிக்குப் போகாத பதின்மூன்றாம் நாள், திங்கட்கிழமை, துறை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். நான்காம் மாடி. பெரிய மேசை, அதன்மேல் ஒரு காகிதம்கூட இல்லை. எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அன்பாகவே ஆரம்பித்தார்.

“நான் இங்க கீழ கவுன்ட்டர்ல ஆரம்பிச்சவன். அப்பல்லாம் தினமும் நூறு பேர் வருவாங்க. கோவமா வருவாங்க, கோவமாப் போவாங்க. இப்ப ஐந்நூறு பேர் வராங்க. பயந்துக்கிட்டே வராங்க, சந்தோஷமாப் போறாங்க. ரெண்டு காலத்துலயும் நாங்க அவங்களுக்குச் செஞ்சது ஒண்ணுமில்ல. ஆனா இப்பத்தான் நன்றி சொல்லிட்டுப் போறாங்க. ஏன்னு யோசிச்சீங்களா?”

நாங்கள் யோசித்திருக்கவில்லை.

“ஆபீஸ்னா ஜனங்களுக்கு ஒரு பயம் வேணும். முன்னாடி எங்களைப் பார்த்துப் பயந்தாங்க. அது எங்களுக்கே சங்கடமா இருந்துச்சு. மனுஷங்கதானே நாங்களும். இப்ப அந்தப் பாரத்தைப் பெரியவர் சுமக்கறார். உயிரோட இருந்தப்ப அவர் ஒரு ஃபைலையும் நகர்த்தினதில்ல. செத்ததுக்கப்புறம் இங்க வேலை பாக்கற எழுபத்தாறு பேரோட குடும்பத்தைக் காப்பாத்தறார். அவர் வாயை நீங்க அடைச்சிட்டீங்க.”

“தப்புதான் சார்” என்றார் பூட்டுக்காரர்.

“பரவாயில்ல. அந்த எண்ணெயைத் திரும்ப எடுத்துருங்க.”

“எப்படி சார் எடுக்கறது?”

“போடத் தெரிஞ்சவருக்கு எடுக்கத் தெரியாதா?”

பூட்டுக்காரர் தொழில் கேள்வி என்று நினைத்து உண்மையாகவே யோசித்தார். “மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உப்புத் தண்ணி தடவினா ரெண்டே நாள்ல மறுபடி துருப்பிடிக்கும் சார். பழைய சத்தம் வந்துரும். நல்ல கீல் சார், மனசு வராது.”

இயக்குநர் முகம் மலர்ந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உத்தரவை எடுத்து வைத்தார். தட்டச்சு அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

“நீங்க அதைச் செய்யுங்க. நாங்க உங்கப்பா படத்தைக் கீழேர்ந்து எடுத்து மேல மாட்டிடறோம். கொலை செஞ்சவர் இல்ல, கொலையுண்டவர். எங்க துறையில இப்படி ஒரு பதவி உயர்வு யாருக்கும் கெடைச்சதில்ல. பள்ளிக்கூடத்துக்கும் சான்றிதழ் குடுத்துடறேன். மாணவியின் தாத்தா கொலைகாரர் அல்ல, கொல்லப்பட்டவர்தான்னு. நாளைக்கே பொண்ணு தலை நிமிர்ந்து போகலாம்.”

எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. மேசைக்கு அடியில் பூட்டுக்காரரின் கையைப் பிடித்து அழுத்தினேன். ஒத்துக்கொள் என்று அர்த்தம். அவர் உத்தரவைப் பார்த்தபடியே இருந்தார்.

“அப்போ கீழ யார் படம் சார் வரும்?”

“இப்ப மேல இருக்கிறவரோடதுதான். இடம் காலியா இருக்கக் கூடாது.”

“அவர்தானே சார் செத்துப்போன எழுத்தர்?”

இயக்குநர் சிரித்தார். “எழுத்தருக்கு ஏதுங்க படம்? அவர் காலத்துல யார் படம் எடுத்தா? அதுவும் ஏதோ ஒரு விண்ணப்பத்துல இருந்ததுதான். சாந்தமான முகமாப் பார்த்து நானேதான் எடுத்தேன்.”

பூட்டுக்காரர் உத்தரவைத் தள்ளி வைத்தார். “அவங்க வீட்லயும் பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்குமே சார். இங்க வந்து பார்த்தா?”

“பார்த்தா என்ன? மனு குடுக்கட்டும். கீழ கவுன்ட்டர் எதுக்கு இருக்கு?”

பூட்டுக்காரர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். “வேண்டாம் சார்” என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிப்படியில் அவரை நிறுத்திவைத்துத் திட்டினேன். இருபது வருட அனுபவத்தில் இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இவ்வளவு சுலபமாகக் காரியம் ஆகி நான் பார்த்ததில்லை, வலிய வந்ததைத் தட்டிவிட்டு வருகிறீர்களே என்று கத்தினேன்.

“இன்னும் ரெண்டே நாள்தான்யா இருக்கு. உங்க பொண்ணை நினைச்சுப் பாருங்க.”

“அவளை நினைச்சுத்தாண்ணே. என் பொண்ணு எழுந்திருக்கறதுக்காக இன்னொருத்தர் பொண்ணைப் படுக்க வைக்கச் சொல்றாரு. இத அவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?”

நான் அவர் பின்னாலேயே இறங்கினேன். தரைத்தளத்துக்கு வந்தோம். மதிய நேரம், கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். பூட்டுக்காரர் அப்பா படத்துக்கு எதிரே போய் நின்றார். அவர் அழப்போகிறார் என்று நினைத்து, தள்ளியே நின்றேன்.

அவர் வாசல் காவலாளியிடம் திரும்பி, “அந்த ஸ்டூலைக் கொஞ்சம் குடுங்க” என்றார். காவலாளி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுப் பிடித்துக்கொண்டார். பூட்டுக்காரர் ஏறினார். படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தார். இறங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பார்வையாளர்கள் வழிவிட்டார்கள். கவுன்ட்டர் அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். காவலாளி ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்து, “பார்த்து, கண்ணாடி” என்றார்.

யாரும் ஏன் தடுக்கவில்லை என்று பிறகு நிறைய யோசித்தேன். அந்தக் கட்டடத்தில் யாரையும் கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்கிறவர் மேலதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

அன்று முழுவதும் போலீஸ் வரும் என்று காத்திருந்தேன். போலீஸ் வரவில்லை. மறுநாள் காலை வாசலில் புதுப் பலகை வைத்திருந்தார்கள். ‘தம்மைக் கொன்றவரின் முகத்தைக் காணச் சகியாமல் பெரியவர் படத்தைத் தாமே அகற்றிவிட்டார். வெற்று ஆணியைக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை காணலாம்.’ பதினொரு மணிக்குள் வரிசை என் மேசையைத் தாண்டி நீண்டது. இயக்குநரே இறங்கி வந்து ஆணிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

“இதுவரை அவர் முனகினார். இப்போது செயல்படத் தொடங்கியிருக்கிறார். நூற்று நான்கு ஆண்டுகளில் இந்தக் கட்டடத்தில் ஒரு காரியம் உடனடியாக நடந்திருப்பது இதுவே முதல் தடவை.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், அவர் சொன்னது உண்மை என்பதால். இடம் காலியாக இருக்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்தி, ஆணியில் இனி எதுவும் மாட்டக் கூடாது என்று அன்றைக்கே தனி உத்தரவு போட்டார்கள். பூட்டுக்காரரின் மனுவுக்கும் முடிவு தெரிந்துவிட்டது. ‘நீக்கக் கோரும் புகைப்படம் இவ்வலுவலகத்தில் இல்லாத காரணத்தால் தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது.’

பதினைந்தாம் நாள் சாயங்காலம், பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மூக்கைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

“அப்பா உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க மாமா. இன்னிக்குப் பள்ளிக்கூடம் போனேன்.”

“நல்லதும்மா. பிள்ளைங்க ஏதாவது சொன்னாங்களா?”

“உங்க தாத்தா படத்தைப் பேய் தூக்கிட்டுப் போச்சாமே, நெசமாவான்னு கேட்டாங்க. நெசந்தான்னேன். நீ அந்தப் பேயைப் பார்த்திருக்கியாடின்னாங்க. தினமும் பாக்கறேன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“நம்பலை. அம்மா சீக்கிரமே வேலைக்குப் போயிட்டாங்க, அந்தப் பேய்தான் தலை பின்னி விட்டு அனுப்பிச்சுன்னு சொல்லி, பின்னலைக் காட்டினேன்.”

அவள் திரும்பி நின்று காட்டினாள். பின்னல் ஒரு பக்கம் தொங்கி, ஒரு பக்கம் ஏறி, பார்க்கவே கண்றாவியாக இருந்தது.

“பார்த்ததும் நம்பிட்டாங்க” என்றாள்.